தையல் அறைக்கு ஒரு ஜன்னல்

டுலூத்
1979 ஏப்ரல் 14

அன்புள்ள தம்பி ரெய்னோ,

நான் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் இருமல் குளிர்காலத்தோடு போய்விட்டதா, உன்னோடு கப்பல் ஏறிவிட்டதா என்று எழுது.

ஏரித் துறைமுகத்தில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை உங்கள் கப்பல் இரும்புத்தாது ஏற்ற வந்து நின்றதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஐந்து மணி நேரம் நின்றது. உனக்கு வேலை இருந்திருக்கும். எங்கள் வீடும் மேட்டில் இருக்கிறது, ஏறி வர உனக்குப் பொழுது ஏது.

ஒரு சேதி. வீட்டு நிலவறையில் ஓர் அறை கட்டப்போகிறேன். இத்தனை வருஷமும் அது விறகும் ஊறுகாய்ப் பாட்டிலும் கிடக்கிற குகையாகத்தான் இருந்தது. ஆர்மாஸ் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது கைக்கு வேலை வேண்டியிருக்கிறது. கட்டிட வேலைக்கு ஓர்வில் ஹாகனும் அவர் மச்சினர் டுவெய்னும் வந்திருக்கிறார்கள். ஓர்வில் பேசுவார், டுவெய்ன் தலையாட்டுவார். தையல் அறை என்று எழுதிக்கொடுத்து நகராட்சியில் அனுமதி வாங்கிவிட்டேன்.

முதல் நாள் அவர்கள் ஒரு வேலையும் செய்யவில்லை. சிமெண்டுத் தரையில் நாலு இடத்தில் பாலிதீன் தாளைச் சதுரமாக ஒட்டினார்கள். "மூணு நாள் இப்படியே கெடக்கட்டும்மா. அடியில ஈரம் இருந்தா தாளுக்குள்ள வேர்த்து நிக்கும். ஈரத்து மேல அறை கட்டினா பாக்க அழகாத்தான் இருக்கும், ரெண்டு வருஷத்துல நாறிடும்" என்றார் ஓர்வில்.

மூன்று நாளும் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு மத்தியானம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் வீடு மெல்ல அசைந்தது. சுவருக்கு வெளியே ஏரி நின்றது, மீன்கள் அவசரமில்லாமல் போயின. எனக்குப் பயமாக இல்லை. விழித்துப் பார்த்தால் தாள்கள் காய்ந்து கிடந்தன.

கம்பளிக் காலுறையை மே மாதம் வரைக்கும் கழற்றாதே.

உன் அக்கா,
சைமா


அஷ்டபூலா துறை
1979 மே 3

அன்புள்ள அக்கா,

இருமல் என்னோடுதான் கப்பல் ஏறியது, சம்பளமும் கேட்கிறது. மற்றபடி நலம். உன் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகிலிருந்து கயிறு கட்டிய வாளியில் ஏறி என்னிடம் வந்தது. தையல் அறை என்று படித்ததும் சமையற்கட்டில் தனியாகச் சிரித்தேன். எனக்கு நீ தைத்த ஒரே சட்டையில் வலது கையை இடது பக்கம் வைத்தாய். பள்ளிக்கூடம் முழுக்க என்னைத் திரும்பி நடக்கச் சொன்னார்கள். அம்பத்தொன்பது வயதில் எங்கிருந்து வந்தது இந்தத் தையல்?

தப்பாக நினைக்காதே, விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன். "ஆர்மாஸுக்கு விருப்பமில்லை, ஒரு கட்டில் போடக்கூட வீட்டில் இடமுமில்லை" என்று 1957 நவம்பரில், நான் வந்து உங்களோடு தங்கட்டுமா என்று கேட்டதற்கு எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வருஷத்தில் வீடு வளர்ந்துவிட்டதா? சரி, விடு. குடியை விட்டுப் பத்தொன்பது வருஷமாகிறது. டொலீடோவில் குளிர்காலத்துக்கு விடுதி அறை இருக்கிறது, கப்பலில் என் சமையலைத் தின்ன இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றிப் பேசி இனி என்ன.

அறை எத்தனை அடி? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் தம்பி,
ரெய்னோ


டுலூத்
1979 ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் இருமலுக்குத் தேனில் வெங்காயத்தை ஊறவைத்துக் குடி. சமையற்காரனுக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி. ஓர்வில் தரையில் நீலச் சுண்ணப்பொடி தடவிய கயிற்றை இழுத்துப் பிடித்துச் சுண்டினார். அவ்வளவுதான், சுவர் வந்துவிட்டது. நீலக் கோடுதான் சுவர், கோடு விட்ட இடம் கதவு. அவர்கள் சாப்பிடப் போனதும் நான் இறங்கிப் போய் அந்த அறைக்குள் நின்றேன். சின்ன ஜன்னல் வழியாக மேலே இருந்து கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. நீலம் காற்றில் மிதப்பது மாதிரி இருந்தது. வெளியே வரும்போது கோட்டைத் தாண்ட மனசு வரவில்லை, சுற்றிப் போய்க் கதவு வழியாகவே வந்தேன். டுவெய்ன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார்.

உன் உயரம் இன்னும் ஆறடி இரண்டு அங்குலம்தானா, வயதில் குறைந்திருக்கிறதா? கூரையில் குழாய்கள் போகின்றன. உயரமான விருந்தாளி வந்தால் தலை இடிக்குமே என்று ஓர்வில் கேட்டார், அதனால் கேட்கிறேன்.

ஆர்மாஸின் அடக்கத்துக்கு வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே காபி குடித்துவிட்டுப் போனாய். இப்போது திடீரென்று நினைவு வந்தது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சைமா


ஏரி ஹியூரன், வடக்கே போகும் வழியில்
1979 ஜூன் 28

அன்புள்ள அக்கா,

வெங்காயத் தேன் குடித்தேன். இருமல் நிற்கவில்லை, ஆனால் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. உயரம் குறையவில்லை. நீ நலமா?

நேற்றுச் சாப்பாட்டு வேலை முடிந்து மேல்தளத்துக்குப் போனேன். ஏரி எண்ணெய் ஊற்றியது மாதிரி அசையாமல் கிடந்தது. கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை, வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடே இல்லை. ஒரு சுண்ணாம்புத் துண்டை எடுத்துத் தளத்தில் ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி வரைந்தேன். கதவை நீ சொன்ன மாதிரி விட்டேன். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல அறை, அக்கா. ஏரி முழுதும் அதைச் சுற்றிப் போயிற்று.

துணைக் கேப்டன் கோட்டை மிதித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தார். "ஐயா, சுவத்துக்குள்ள புகுந்து வர்றீங்களே" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, வெளியே போய்க் கதவு வழியாக வந்து "சாயங்காலம் என்ன சமையல்?" என்று கேட்டார். பிறகு மழை வந்து கழுவிவிட்டது.

கப்பலுக்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசிப் பருவம் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் புதுக் கப்பல் தேடுகிற வயதில்லை. பார்ப்போம். உன் தையல் எப்படிப் போகிறது?

ரெய்னோ


டுலூத்
1979 ஜூலை 30

அன்புள்ள தம்பி,

இங்கே வெயிலும் கொசுவும் நலம், நானும் நலம். கப்பல் சேதியைப் படித்தேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

மரச்சட்டங்கள் எழும்பிவிட்டன. கோடாக இருந்த சுவர் இப்போது எலும்புக்கூடாக நிற்கிறது, ஊடே கையை விடலாம். மரவாசனை மேல்மாடி வரைக்கும் வருகிறது. அடுத்து ஜிப்சம் பலகை அடித்து மூடவேண்டும். மூடுவதற்கு முன்னால் இவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சட்டத்தில் ஆளுக்கு ஏதாவது எழுதுவார்கள். என்றைக்காவது யாராவது சுவரைத் திறந்தால் படிப்பார்களாம். ஓர்வில் தான் பிடித்த மீனின் எடையை எழுதினார். "பொய்தான், ஆனா அம்பது வருஷம் கழிச்சு எவன் நிறுத்துப் பாக்கப்போறான்" என்றார். டுவெய்ன் "இன்னிக்கு சூடு" என்று எழுதினார். அவர் பேசி நான் அறிந்தது அதுதான்.

பிறகு பென்சிலை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பேரையும் காபி குடிக்க மேலே அனுப்பிவிட்டுக் கிழக்குச் சுவரின் சட்டத்தில் நானும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. தேதி போட்டேன். மறுநாள் பலகை அடித்து மூடி, பூசி, வெள்ளையடித்துவிட்டார்கள். கையால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் உங்கள் கப்பல் போகும்போது சங்கு ஊதியதே, அது வழக்கமான ஊதலா?

சைமா


லொரெய்ன் துறை
1979 செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் நலம்தான், சளிக்காக நாலு நாள் படுத்திருந்தேன்.

கப்பலைப் பற்றிய பேச்சு உறுதியாகிவிட்டது. ஜனவரியில் உங்கள் எதிர்க்கரை ஊரான சுபீரியரின் துறையில் கொண்டுபோய்க் கட்டிப்போடுகிறார்கள், அதற்கப்புறம் பழைய இரும்புக்கடைதான். டொலீடோ விடுதிக்காரரிடம் என் அறையை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன்.

சங்கு வழக்கமானது இல்லை. மாலுமியிடம் இரண்டு பழப்பணியாரம் கொடுத்து ஊதச் சொன்னேன்.

ஒன்று கேட்கவேண்டும். உன் தையல் அறைக்கு ஜன்னல் உண்டா? நீ எழுதவே இல்லை. உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. 1958இல் வேறொரு கப்பலில் கீழ்த்தட்டுச் சாமான் அறையில் இருந்தபோது தண்ணீர் ஏறிக் கதவு இறுகிவிட்டது. முழங்கால் வரை தண்ணீரில் இரண்டு மணி நேரம் இருட்டில் நின்றேன். அன்றிலிருந்து ஜன்னல் இல்லாத அறையில் எனக்கு மூச்சு முட்டும். எவ்வளவு நல்ல அறையானாலும் சரி. நான் அங்கே தைக்கப்போவதில்லை, இருந்தாலும் கேட்டேன்.

ரெய்னோ


டுலூத்
1979 செப்டம்பர் 20

அன்புள்ள தம்பி,

சளிக்கு நாலு நாள் போதாது, ஆறு நாள் படு. நான் நலம்.

ஜன்னல் இல்லை. சுவர் எழும்பியதும் பழைய சின்ன ஜன்னல் அறைக்கு வெளியே, நடைவழிப் பக்கம் போய்விட்டது. உன் கடிதம் வந்த அதே நாள் நகராட்சி ஆய்வாளரும் வந்தார். அறையில் நான் போட்டு வைத்திருந்த கட்டிலைப் பார்த்தார். "தையல் அறைன்னு எழுதிக்குடுத்திருக்கீங்க. யாரு தூங்குறா இங்க, தையல் மிஷினா?" என்றார். விருந்தாளிக்கு என்றேன். படுக்கையறை என்றால் ஆள் ஏறி வெளியே போகிற அளவுக்கு ஜன்னல் வேண்டுமாம், அது சட்டமாம். முதலிலேயே காகிதத்தில் படுக்கையறை என்று எழுதியிருந்தால் ஓர்வில் அப்போதே ஜன்னல் வெட்டியிருப்பார். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. யாருடைய படுக்கை என்று கேட்டால் என்ன சொல்வது?

ஓர்வில் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் கொதிகலன், ஒரு பக்கம் படிக்கட்டு, ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரர் வண்டிப்பாதை. "கிழக்குச் சுவத்தத்தான் திறக்கணும்மா" என்றார். வேறு வழியில்லையா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் டுவெய்ன் இல்லையென்று தலையாட்டினார்.

திறக்கச் சொல்லிவிட்டேன். எடுக்கிற மரச்சட்டங்களைப் பார்க்காமல் அப்படியே அடுப்பில் போடவும் சொல்லிவிட்டேன்.

சைமா


டுலூத்
1979 அக்டோபர் 6

திரு. ரெய்னோ அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அக்கா வீட்டில் தச்சுவேலை செய்கிற ஓர்வில் ஹாகன். உங்கள் விலாசத்தைக் குளிர்பெட்டி மேல் இருந்த உறையில் பார்த்து எழுதிக்கொண்டேன். அது முதல் தப்பு. அம்மா எரிக்கச் சொன்ன கட்டையை எரிக்காமல் உங்களுக்குப் பார்சல் போடுகிறேன். அது இரண்டாவது.

முப்பது வருஷமாக ஊரில் சுவர்களைத் திறந்து மூடுகிறேன். உள்ளே எத்தனையோ எழுத்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மீன், வெயில், எந்தப் பெண் யாரோடு போனாள் என்கிற விவரம். ஆளின் பெயரைப் போட்டு எழுதிய கட்டையை இப்போதுதான் பார்க்கிறேன். பெயர் போட்டிருந்தால் அது கடிதம். கடிதத்தை அடுப்பில் போட எனக்குக் கை வரவில்லை. மச்சினரைக் கேட்டேன். தலையாட்டினார்.

சட்டத்தில் எழுத்து இருந்த மூன்றடியை மட்டும் அறுத்திருக்கிறேன். தபாலில் பென்சில் தேய்ந்துவிடலாம் என்பதால் கீழேயும் எழுதுகிறேன்:

"ரெய்னோ, ஆர்மாஸ் உன்னை வரச்சொல் என்றார். வேண்டாம் என்றவள் நான். குடிகாரத் தம்பி என்று தெருவில் பேசுவார்களே என்று பயந்தேன். பழியை அவர்மேல் போட்டேன். இடமில்லை என்று உனக்குக் கடிதம் போட்ட அன்று இங்கே இறங்கி வந்து காலடியால் அளந்தேன். நான்கு கட்டில் போடலாம். சைமா."

குடும்பத்து விஷயத்தில் தலையிட்டதற்கு மன்னிக்கவும். ஜன்னல் நன்றாக அமைந்திருக்கிறது. அந்தப் பக்கம் சரிவு, அதனால் ஏரி ஒரு சாண் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓர்வில் ஹாகன்


டுலூத்
1979 நவம்பர் 18

அன்புள்ள தம்பி,

நீ கடைசியாகக் கடிதம் எழுதிப் பத்து வாரம் ஆகிறது. நலமா என்று கேட்க எனக்கே பயமாக இருக்கிறது. புயல் நாட்களில் வானொலியை அணைக்கவே இல்லை. பிறகு கப்பல் வந்து தாது ஏற்றிப் போனதைப் பார்த்தேன், சமையற்கட்டுப் புகைபோக்கியில் புகையும் பார்த்தேன். உயிரோடு இருக்கிறாய். சங்கு ஊதவில்லை.

புது ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருகிறேன். வெளியே பனி ஜன்னலின் பாதி வரைக்கும் ஏறியிருக்கிறது, அதற்கு மேலே ஏரி ஒரு கோடு, அதற்கு மேலே வானம். பனியின் ஊடே வெளிச்சம் நீலமாக உள்ளே வருகிறது. அன்று தரையில் சுண்டிய நீலம் எழுந்து அறை முழுக்க நிற்கிற மாதிரி இருக்கிறது. அரைக் கண் மூடினால் அறை நகர்கிறது. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம், ஆனால் நான் மட்டும் இருக்கிறேன்.

நேராகவே எழுதிவிடுகிறேன். இது தையல் அறை இல்லை. தையல் மிஷினை மே மாதமே விற்றுவிட்டேன். உனக்காகத்தான் கட்டினேன். கட்டில் ஆறடி எட்டு அங்குலம். கூரைக் குழாயை ஓர்வில் ஒதுக்கிவிட்டார்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். நாலு காகிதம் கிழித்தாயிற்று. ஒரு தடவை மரத்தில் எழுதினேன், அது எரிந்துவிட்டது. காகிதத்தில் வரமாட்டேன் என்கிறது.

சைமா


சுபீரியர் ஏரி
1979 டிசம்பர் 16

அக்கா,

நலம். இருமல் போய்விட்டது, அது எப்போது போயிற்று என்றுகூட நான் கவனிக்கவில்லை.

மரம் எரியவில்லை. உன் ஓர்வில் அதை எனக்கு அனுப்பிவிட்டார். அக்டோபரில் வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் 'அக்கா' என்கிற வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை. அவ்வளவு கோபம். என்னை வேண்டாம் என்றதற்கு இல்லை. அன்றைக்கு என்னை நானே வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டேன். ஆர்மாஸுக்காகத்தான் கோபம்.

உனக்குத் தெரியாதது ஒன்று. அவர் மூன்று தடவை தாதுத்துறைக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். நான் மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், இறங்கவில்லை. இரண்டு தடவை துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பிய்த்துக் கடற்காகங்களுக்குப் போட்டேன். "இடமில்லைன்னு சொன்னது நான் இல்லப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும். உன்னைக் காட்டிக்கொடுக்காமலே செத்துப்போனார். அவர் வீட்டில் நான் கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.

கட்டையை ஏரியில் எறிந்துவிட நினைத்தேன். மரம் மிதக்கும், எப்படியும் உன் வீட்டுப் பக்கம்தான் ஒதுங்கும் என்று எடுத்து வைத்துவிட்டேன். பிறகு தினமும் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் தேய்ந்தது, பென்சில் தேயவில்லை. நான்கு கட்டில் போடலாம் என்று இறங்கிப் போய் அளந்தாயே. அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒன்பதடிச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நான் உட்கார்ந்த அன்று இதெல்லாம் தெரியாது. தெரிந்தும் இப்போது அந்த அறைதான் கண்ணில் நிற்கிறது.

ஜனவரி நாலாம் தேதி கப்பலைக் கட்டிப்போடுகிறார்கள். முதலில் இடுகாட்டுக்குப் போவேன். அவரிடம் எனக்குப் பேச்சு இருக்கிறது. எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு மேட்டில் ஏறுவேன். டொலீடோக்காரருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே மூன்றடிக்கு ஒரு தட்டு வைக்க இரண்டு தாங்கி அடிக்கச் சொல். பலகை நான் கொண்டுவருகிறேன். எழுத்து மேலே தெரியவேண்டும்.

ரெய்னோ


டுலூத்
1979 டிசம்பர் 27

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஓர்வில் வீட்டுக்குப் பனியில் நடந்து போனேன். இனி என் வீட்டில் உமக்குக் காபி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் தாங்கி அடிக்க வந்தார். காபி கொடுத்தேன். "சக்கரை போடலியேம்மா" என்றார். அதுதான் தண்டனை என்றேன். டுவெய்ன் சிரித்தார், சத்தமாக.

ரொட்டி சுட்ட நாட்களில் சில சமயம் ஒன்று குறையும். வேலைக்குப் போகிற வழியில் பசித்தது, தின்றுவிட்டேன் என்பார் ஆர்மாஸ். இத்தனை வருஷமும் அவரைத் தீனிப்பண்டாரம் என்று திட்டியிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். அவரிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பு உன்னிடம் கேட்பதைவிடப் பெரியது. அதைக் கேட்க ஆளில்லை.

இடுகாட்டுக்கு நான் வரவில்லை, நீ தனியாகப் போ. என்னைப் பற்றி அவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல். வாசல் காவலரிடம் துணியில் சுற்றி ஒரு ரொட்டி கொடுத்து வைத்திருப்பேன், வாங்கிக்கொள். அவருக்குப் பாதி, உனக்குப் பாதி. இந்தத் தடவை கடற்காகங்களுக்குப் போடாதே.

மேட்டில் பனி வழுக்கும், ஓரமாக ஏறு. எவ்வளவு நேரமானாலும் காபி சூடாக இருக்கும். கோட்டு மாட்ட கதவுக்குப் பின்னால் ஆணி அடித்திருக்கிறது.

இதை மரத்தில் எழுதி மூடியவள் இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் இடம் இருக்கிறது, ரெய்னோ. அன்றைக்கும் இருந்தது.

உன் அக்கா,
சைமா